பதினான்காவது படத்தின் செதில்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

வணக்கம். மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். இதை அலுவலகக் கடிதமாகவே வைத்துக்கொண்டாலும் சரி.

அண்ணாவின் புத்தகத்தை எங்கள் நிறுவனம் அச்சிடுவதாக முடிவாகியிருக்கிறது. வறண்ட மலைகளின் பாறை இடுக்குகளில் வளரும் பெரணிகள் இருபத்தாறு இனம், அவற்றில் எதை எதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று பதினோரு வருடம் அவர் எழுதி எழுதித் திருத்திய கையெழுத்துப் பிரதி. அதைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பீரோ பீரோவாக அடுக்கி, பூச்சி அரிக்காமல் காப்பதுதான் என் வேலை. புத்தகம் எடிட் செய்வது எனக்குப் புதிது. ஆனால் எங்கள் பெரணிப் பீரோக்களை என்னைவிட அதிகம் திறந்தவர் அண்ணா. அதனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு சிக்கல். நீங்கள் வரைந்த முப்பத்தொரு படங்களில் முப்பது அவருடைய எழுத்தோடு பொருந்துகின்றன. பதினான்காவது பொருந்தவில்லை. அது வெண்பொடிப் பெரணியின் படம். இலையின் அடியில் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி, கறுத்துப் பளபளக்கும் காம்பு, வெயில் காய்ந்தால் கைமுஷ்டி மாதிரி சுருண்டுகொள்ளும். உங்களுக்குத் தெரியாததா? அதன் காம்பு தரையிலிருந்து கிளம்பும் இடத்தில் இருக்கும் செதில்கள் "முழுவதும் ஒரே பழுப்பு நிறம்" என்று அண்ணா எழுதியிருக்கிறார். நீங்கள் வரைந்த செதிலில் நடுவே கறுப்புக் கோடு, இரண்டு ஓரமும் வெளிறியிருக்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறுகிற ஆள் எதை நம்புவார்?

அந்த ஒரு செதிலை மட்டும் திருத்தி வரைந்து அனுப்பிவிடுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காப்பாளர், தாவரச் சேமிப்பகம்


பிப்ரவரி 17

காப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பதவி இருந்தது. உனக்கு மிளகு என்று பேர் வைத்த மனுஷன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

போனை எடுக்காதது வேண்டுமென்றுதான். கடைசியாக உன் குரலை நான் கேட்டது எங்கள் வீட்டுக் கூடத்தில், அவர் போன மறுநாள், நாற்பது பேருக்கு நடுவில். "நீங்க வரைஞ்ச படத்துக்காகத்தான் அண்ணா அந்த மலைக்குப் போனாரு. ஏற்கெனவே நெஞ்சு வலி வந்த மனுஷனைத் தனியா ஏறவிட்டுட்டு, நீங்க பென்சில் சீவிக்கிட்டு இருந்தீங்க." வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கிறதா? பதினைந்து மாதம் ஆகிறது. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால் சொல், சேர்த்துக்கொள்கிறேன்.

எழுதுவதில் ஒரு வசதி. குரல் உடையாது.

செதில் விஷயம். இருபத்தெட்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவள் நான். அங்கே ஒரு கோட்டை ஒரு மயிரிழை தள்ளிப் போட்டால் ஒருத்தருடைய கிணறு பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும். அதனால் கண்ணில் பட்டதை மட்டும் வரைந்து பழகிவிட்டது. பதினான்காவது படத்தில் கோடு இருக்கிறது என்றால் செதிலில் கோடு இருந்தது என்று அர்த்தம்.

படத்தைத் திருத்த மாட்டேன். எழுத்தை வேண்டுமானால் திருத்திக்கொள்.

இப்படிக்கு,
வரைவாளர் (ஓய்வு)


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

வார்த்தைக்கு வார்த்தை சரி. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

செதிலைப் பற்றி எழுதத் தெரியும். இளம் செதில் வெளிர் பழுப்பாக இருக்கும். வயதாக ஆக நடுப்பகுதி முதலில் கறுக்கும், ஏனென்றால் அங்கே தடிப்பு அதிகம். ஓரம் மெல்லியது, வெயிலில் வெளுத்துப்போகும். ஒரே செடியின் கிழட்டுச் செதிலை மட்டும் எடுத்துப் பார்த்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். அண்ணாவும் குறிப்பேட்டில் இதைத்தான் எழுதியிருக்கிறார்: "வெயில் பக்கம், நிழல் பக்கம், மழைக் காலம், கோடை என்று ஆள் வேஷம் மாற்றும், ஆள் ஒன்றுதான்." உங்கள் கண்ணைக் குறை சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் ஒரு இனத்தின் படம் என்றால் நடுவயதுச் செதிலைத்தான் வரைய வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் பார்த்து வரைந்த செடி எங்கே? உங்கள் ஊர் மலையிலிருந்து அண்ணா கொடுத்த ஒன்பது தாள்கள் இங்கே இருக்கின்றன. முதலாவதுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதிலும் வெண்பொடிப் பெரணி என்றே சீட்டு ஒட்டியிருக்கிறது. படம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதற்கு ஆதாரமான செடி தாளில் இல்லையென்றால் எங்கள் உலகத்தில் செல்லாது. பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலையின் விதி அது.

மிளகு


மார்ச் 6

மிளகு,

செடி எங்கே என்று கேட்டாய். குப்பைக்கூடையில். போட்டது நான்தான்.

அவர் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் செடியோடு வந்தார். மலை உச்சியில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய தொட்டி இருக்கிறதே, அதைத் தாண்டிய வடக்குச் சரிவில் பிடுங்கியது. வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தார். நான் ஆபீஸிலிருந்து வாங்கி வந்த பழைய உருப்பெருக்கியை மேசை விளிம்பில் மாட்டினேன். முதல் செதிலை வரைந்ததுமே சொன்னேன், "நடுவுல கோடு இருக்கு."

"வயசான செதிலா இருக்கும்."

நுனிக்குப் போனேன். தரையோடு கிடக்கிற தண்டின் நுனியில் புது இலை இன்னும் சுருள் பிரிக்காமல் இருக்கும் அல்லவா, அதைச் சுற்றி இருப்பது நேற்று முளைத்த செதில். அதிலும் கோடு.

"பச்சைக் குழந்தைக்கு நரைக்குமா?" என்று கேட்டேன்.

"உன் பென்சில்தான் நடுங்குது."

"என் பென்சிலா? நீங்க நட்ட நாலு எல்லைக் கல்லுல மூணு தப்பான எடத்துல இருக்குன்னு காட்டுனதே என் பென்சில்தான்." அது எங்கள் வீட்டு மனையை அளந்தபோது நடந்தது, உனக்கும் தெரியும்.

சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்லடி, இது மிளகு பாத்துச் சொன்னது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டா. அவ கண்ணுக்குத் தப்பாது" என்றார். நான் படத்தை மாற்றவில்லை. அவர் எழுத்தை மாற்றவில்லை. சாப்பிட வேண்டியிருந்தது. மேசையைத் துடைத்தபோது செய்தித்தாளோடு சேர்த்துச் செடியையும் சுருட்டிப் போட்டுவிட்டேன். மேலே நிறைய இருக்கிறதே என்ற நினைப்பு.

காலையில் எழுந்ததும், "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடவா?" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்டாரா, இல்லை, வேண்டாம் என்று நான் சொல்வேனா என்று பார்த்தாரா, தெரியவில்லை. நான் சொன்னது இது: "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, யாரு சரின்னு."

ஆகவே கூடத்தில் நீ சொன்னதில் ஒரு தவறுதான். நான் பென்சில் சீவவில்லை. பிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மகளிடமும். நீ பேசியதை அவளும் கேட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் போன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். வைத்துவிடுகிறாள். கணக்காக ஒரு நிமிடம்.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

நுனிச் செதிலிலும் கோடு இருந்தது என்றால் என் வயது வாதம் நிற்காது. இதை நீங்கள் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். சரி, நானும் கேட்டிருக்கலாம்.

தொட்டிக்கு வடக்கே இருக்கும் செடி ஒன்று வேண்டும். வேரோடு, தரைத்தண்டின் நுனியோடு, இலையடியில் வித்து முதிர்ந்த இலைகளோடு. நீங்கள் போக வேண்டாம். இங்கிருந்து ஆளை அனுப்புகிறேன், அடுத்த மாதம் ஒருவர் அந்தப் பக்கம் வருவார்.

ஒரு கேள்வி. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அண்ணா உங்களிடம் போனில் பேசினாரா? பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏதாவது?

மிளகு


மார்ச் 19

மிளகு,

இல்லை, பேசவில்லை. ஏன் கேட்கிறாய்?

உன் ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை நானே போனேன். முறைக்காதே. படிக்கட்டு தொட்டி வரைக்கும் இருக்கிறது, கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு படி. ஐம்பதுக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன்.

தொட்டிக் காவலாளி என்னை அடையாளம் தெரியாமல், "மேல வேடிக்கை பாக்க ஒண்ணுமில்லம்மா" என்றார். யாரென்று சொன்னேன். எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் திட்டுலதாம்மா உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். 'என்ன சார் இப்படி வேர்க்குது'ன்னேன். 'மலை ஏறுனா வேர்க்காம குளிருமா'ன்னு சிரிச்சாரு."

"அந்தப் பக்கம் போனாரா?"

"போகலம்மா. 'பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன், செடி எங்க ஓடிடப் போகுது'ன்னாரு. நான் வால்வைத் திருப்பப் போனேன். திரும்பி வந்தப்ப செவத்துல சாஞ்சிருந்தாரு." பிறகு சொன்னார், "தூங்கறாருன்னு நெனச்சேன்ம்மா. ரேடியோ சத்தத்தக் கூடக் கொறச்சு வச்சேன்."

எனக்கு இது தெரியாமல் இருந்தது, மிளகு. பார்த்துவிட்டுத் திரும்பும்போது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டாவது போனார் என்று. அவர் வடக்குப் பக்கம் போகவே இல்லை.

அந்தத் திட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சுவரைச் சுற்றிப் போனேன். காவலாளி கயிறு கொண்டுவரட்டுமா என்றார். தேவைப்படவில்லை, சரிவு அகலமாகத்தான் இருக்கிறது. வெயில் விழும் பாறையில் உங்கள் வெண்பொடிப் பெரணி ஏராளம். எல்லாம் காய்ந்து சுருண்டு கிடக்கிறது. பாறை மடிந்து குடை பிடித்ததுபோல நிற்கிற இடத்துக்குக் கீழே, நிழலில், இன்னொன்று. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதே காம்பு, அதே பொடி. யாரும் ஏமாறலாம், நானே பத்து நிமிடம் ஏமாந்தேன். அவருடைய கைலென்ஸை வைத்தால் மட்டும் வெயில் செடியின் செதில் முழுப் பழுப்பு, நிழல் செடியின் செதிலில் கோடு. இரண்டுக்கும் நடுவில் என் கை அகலம்தான் இடைவெளி.

வெயில் செடி ஒன்று, நிழல் செடி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வரைபடத் தாளில் வைத்து, கட்டி, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்த இடம், எந்தத் திசை, எந்தத் தேதி எல்லாம் எழுதியிருக்கிறது. நிழல் செடியின் காய்ந்த இலை ஒன்று தனியாக உதிர்ந்துவிட்டது. அதை மட்டும் வீட்டில் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். சாயங்காலத்துக்குள் முழுக்க விரிந்துவிட்டது. உயிர் இருக்கிறது போல.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய பார்சலை எங்கள் ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அந்தக் கிண்ணம். செத்த இலையும் தண்ணீரில் விரியும். காகிதம் ஈரத்தில் நெளிவதுபோலத்தான் அது. விரிவதை வைத்து உயிர் இருக்கிறதென்று சொல்ல முடியாது. மூன்று நாள் கழித்துப் பச்சையாக இருந்தால் உயிர், பழுப்பாகியிருந்தால் இல்லை. உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நுனிச் செதிலைப் பார்த்தேன். கோடு இருக்கிறது. படத்தில் நீங்கள் போட்ட அதே அகலம்.

செதில் மட்டும் போதாது. வித்துகளை எண்ண வேண்டும். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலையடியில் விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் தூசி போல வித்துகள். வழக்கமான பெரணியில் பைக்கு அறுபத்துநாலு. அது மண்ணில் விழுந்து முளைத்து, ஆண் பெண் சேர வேண்டுமென்றால் நடுவில் நீந்திப் போக ஒரு துளி ஈரம் வேண்டும். வறண்ட பாறையில் அந்த ஈரத்துக்கு எங்கே போவது? சில இனங்கள் அதற்குக் காத்திருப்பதை விட்டுவிட்டன. சேர்க்கை இல்லாமலேயே தன்னைத் தானே பெற்றுக்கொள்கின்றன. அவற்றில் பைக்கு முப்பத்திரண்டுதான், ஆனால் பெரிய வித்துகள். எண்ணிக்கை அறுபத்துநாலு வந்தால் அண்ணா சொன்னது நிற்கும். முப்பத்திரண்டு வந்தால் நீங்கள் சொன்னது.

உடையாத பையாகப் பொறுக்கி எடுத்து, ஊசியால் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பத்துப் பையாவது எண்ணினால்தான் நம்பலாம். ஒரு வாரம் கொடுங்கள்.

மிளகு


ஏப்ரல் 7

மிளகு,

ஒரு வாரம் என்றாய். பதினோரு நாள் ஆகிறது. இலை இரண்டாம் நாளே பழுப்பாகிவிட்டது.

எத்தனை?

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

முப்பத்திரண்டு. பத்துப் பையிலும். வெயில் செடியில் அறுபத்துநாலு, அதுவும் பத்துப் பையிலும். இரண்டு வேறு இனங்கள். படம் சரி, எழுத்து தவறு.

இது எனக்கு மார்ச் முப்பதாம் தேதியே தெரியும். அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், ஒரு முழுமைக்காக, அண்ணா கொடுத்த ஒன்பது தாள்களையும் எடுத்துப் பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். எட்டுத் தாள் வெயில் செடி. முதல் தாள், அந்தப் பத்தொன்பது வருடத்துத் தாள், நிழல் செடி. "தொட்டிக்கு வடக்கே, பாறைக் குடையின் கீழ்" என்று அண்ணா கையெழுத்திலேயே இருக்கிறது. செதிலில் கோடு லென்ஸ் இல்லாமலே லேசாகத் தெரிகிறது. வித்து எண்ணினேன். முப்பத்திரண்டு.

அந்தத் தாளில் 'வெண்பொடிப் பெரணி' என்று சீட்டு ஒட்டியது நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். பொடியைப் பார்த்தேன், காம்பைப் பார்த்தேன், எழுதினேன். அண்ணா என் சீட்டை நம்பி, அந்த இரண்டையும் ஒன்றாகவே பார்த்துக்கொண்டு பதினெட்டு வருடம் அதே மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் எழுதியிருப்பேன். தவறாக அடையாளம் சொல்வது எங்கள் தொழிலில் சகஜம்.

அன்று காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணா என்னைத்தான் கூப்பிட்டார்.

"மிளகு, நான் மொதமொதல்ல குடுத்த தாளை எடுத்துச் செதிலைக் கொஞ்சம் பாரேன். உங்க அண்ணி கோடு இருக்குங்கறா."

"அது அன்னைக்கே பாத்தாச்சுண்ணா. ஒண்ணுதான்."

"இன்னொரு தடவை பாரேன். முட்டி வேற வலிக்குது. நீ பாத்துச் சொல்லிட்டா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடறேன்."

ஈரம் உறிஞ்சும் கருவியைப் பழுதுபார்க்க ஆள் வந்திருந்தார். அவரைப் பிடிக்க மூன்று வாரம் அலைந்திருந்தேன். "ஆள் நிக்கிறாங்கண்ணா. அவ்வளவு சந்தேகமா இருந்தா மலை பக்கத்துலதானே இருக்கு, போய்ப் பாத்துடுங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என் நாற்காலியிலிருந்து அந்தப் பீரோவுக்குப் பன்னிரண்டு அடி. டேப் வைத்து அளந்தேன்.

மறுநாள் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன். யாராவது ஒருவர் காரணமாக இருக்க வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. யோசித்துப் பேசியதா என்று கேட்டால் இல்லை. ஆனால் பதினேழு மாதமாக அதைத் திருத்தாமல் இருந்தது யோசித்துத்தான்.

அன்று கூடத்தில் இருந்த நாற்பது பேருக்கும் கடிதம் எழுதுகிறேன். பட்டியல் போட்டுவிட்டேன்.

ஒரு தாளில் பழைய சீட்டு தவறென்று தெரிந்தால் அதைக் கிழிக்கக் கூடாது. அது அப்படியே இருக்கும், பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும். என் பழைய சீட்டுக்குப் பக்கத்தில் இன்று ஒன்று ஒட்டினேன். 'வெண்பொடிப் பெரணி அன்று' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை பதவி போடவில்லை.

மிளகு


ஏப்ரல் 22

மிளகு,

உன் கடிதம் வந்ததும் வீட்டிலிருந்த திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். எட்டுத் திரை. காய்ந்ததும் மாட்டி, திருப்தியில்லாமல் மறுபடி கழற்றித் துவைத்தேன். பக்கத்து வீட்டம்மா, "விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

ஐந்து நாள் கோபமாக இருந்தேன். பன்னிரண்டு அடிக்காக இல்லை. வேலை நேரத்தில் வருகிற போனுக்கு நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பேன். அவர் மாதத்துக்கு நாலு தடவை யாரையாவது எதையாவது பார்க்கச் சொல்கிற ஆள். கோபம் அந்தப் பதினேழு மாதத்துக்கு. பிளாஸ்க்கை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரத்தில், பஸ் ஸ்டாண்டு உன்னிடம் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் ஆளுக்குப் பாதி.

"நீ எழுந்து பார்த்திருந்தாலும் அவர் எப்படியும் போயிருப்பார்" என்று இங்கே ஒரு வரி எழுதினேன். உனக்கு ஆறுதலாக இருக்குமே என்று. பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியும். போயிருப்பாரா, திரும்பியிருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரியாததை வரைந்து எனக்குப் பழக்கமில்லை.

நாற்பது கடிதம் வேண்டாம். பாதிப் பேர் மறந்திருப்பார்கள். மீதிப் பேருக்கு அதற்குள் வேறு கதை கிடைத்திருக்கும், அவர்களைக் கலைக்காதே. ஒரே ஒருத்தியிடம் சொல். என் மகளிடம். கடிதம் போடாதே, அவள் கடிதம் படிக்கிற ஜாதி இல்லை. போன் செய். பஸ் ஸ்டாண்டைச் சொல், பிளாஸ்க்கையும் சொல். என்னால் இரண்டையும் சொல்ல முடியாது.

புத்தகத்தில் என்ன செய்யப்போகிறாய்?

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று "இருக்கியா?" என்றுகூடக் கேட்டேன்.

"இருக்கேன் அத்தை. இதை அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"எட்டுத் திரையையும் ரெண்டு தடவை துவைச்சாங்களாம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் அம்மாகிட்ட ஒண்ணுமே கேக்கல அத்தை. இத்தனை நாளா ஒண்ணுமே கேக்கல" என்றாள். என்னை மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வைக்கும்போது "அப்புறம் பேசறேன்" என்றாள், "வரேன்" என்று சொல்லவில்லை. அது சரிதான்.

புத்தகம். எழுத்தில் அண்ணாவின் வரியை அப்படியே விட்டு, கீழே அடிக்குறிப்பாகத் திருத்தத்தைப் போடுகிறேன். இருபத்தாறு இனம் இப்போது இருபத்தேழு. பதினான்காவது படம் புது இனத்துக்குப் போகிறது. வெயில் செடிக்கு நீங்கள் இன்னொரு படம் வரைய வேண்டும். அச்சகத்தில் ஜூலை வரை அவகாசம் வாங்கிவிட்டேன். நிழல் செடியைத் தாளில் ஒட்டியாகிவிட்டது. 'சேகரித்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர்.

ஆனால் ஒரே ஒரு செடியையும் ஒரு பழைய தாளையும் வைத்துக்கொண்டு புத்தகத்தில் உறுதியாக எழுத முடியாது. அந்தப் பாறைக் குடையின் கீழே எத்தனை இருக்கின்றன, வேறு நிழல்களிலும் இருக்கிறதா, நான் நேரில் பார்க்க வேண்டும். வரும் பதினெட்டாம் தேதி எனக்கு லீவு. வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். வேண்டாமென்றால் ஆளை அனுப்புகிறேன், வருத்தமில்லை.

மிளகு


மே 9

மிளகு,

வா.

மகள் புதன்கிழமை கூப்பிட்டாள். ஞாயிறு இல்லை, புதன்! பயந்துபோய் எடுத்தேன். நாற்பது நிமிடம் பேசினாள். அதில் அரை மணி நேரம் அவளுடைய மேலதிகாரியைத் திட்டினாள். காதுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா. வடக்குச் சரிவில் பொடிக்கல் உருளும். லென்ஸ் உன்னுடையதைக் கொண்டு வா, அவருடையது எனக்கு வேண்டியிருக்கும். காவலாளிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். உன்னிடமும் ரேடியோவைப் பற்றிச் சொல்லுவார், கேட்டுக்கொள். அவருக்கும் சொல்ல ஆள் வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன்னால் மேலே போய்விடலாம். திட்டில் உட்காருவோம், எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியாது. ஏறும்போது பேச வேண்டாம், எனக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

அண்ணி